லைட் என்ற ஒரு சொல்

பெருமாள்மலைக்கு மேலே எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சமையலும் தோட்டமும் என் பொறுப்பு. வருகிறவர்களோடு பேசுவது என் மனைவி. அவள் கொடைக்கானலில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படித்தவள். நான் பாச்சலூர்க்காரன், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், யாராவது வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது.

போன மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து ஒரு வாரம் தனியாகத் தங்கினார். என் வயதுதான் இருக்கும். ஆனால் தொப்பை இல்லை. மாலையானால் கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து என் மனைவியிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் கதவில் சாய்ந்து நின்று பதில் சொல்வாள். என்னிடம் பேசும்போது அவள் அப்படிச் சாய்ந்து நின்றதே இல்லை.

ஒருநாள் அவள் செண்பகனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் என்னிடம் என்னவோ கேட்டார். லைட் என்பது மட்டும் காதில் விழுந்தது. சுவிட்சைப் போட்டேன். தலையை ஆட்டி மறுபடி சொன்னார். வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று பல்பை மாற்றினேன். கடைசியில் அவரே தீப்பெட்டியை எடுத்து விறகைக் காட்டினார். சாப்பாட்டு நேரத்தில் வயிற்றைத் தொட்டுக்காட்டி மறுபடியும் லைட் என்றார். வாசலில் பெரிய விளக்குக்குக் கீழே மேசையைப் போட்டு, சப்பாத்தியும் கறிக்குழம்பும் நிறைய வைத்தேன். குளிர்காற்றில் உட்கார்ந்து கொஞ்சமாகச் சாப்பிட்டார்.

மனைவி வந்ததும் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக்கு வந்தபிறகு விளக்கினாள். எரிகிற விளக்கும் லைட், தீயைப் பற்றவைப்பதும் லைட், வயிற்றுக்கு இலேசான சாப்பாடும் லைட். வருகிற இடத்தைப் பொறுத்து அதன் வேலை மாறும். அவ்வளவு பொறுமையாக அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அந்தாளுகிட்ட மட்டும் ஒனக்கு இம்புட்டுச் சிரிப்பு எங்கருந்து வருது?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அவரு ஏதாச்சும் கேக்குறாரு, நான் சொல்றேன். கடையில என்ன வாங்கணுங்கிறதத் தவிர நீங்க எங்கிட்ட என்ன கேட்டிருக்கீங்க?"

மறுநாள் மாலை நானும் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். தமிழிலும் அப்படி உண்டு என்று அவரிடம் சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். ஏறுவதும் படி, அரிசி அளப்பதும் படி, பிள்ளைகளை அதட்டுவதும் படி. மனைவி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் நான் சுருக்கமாகச் சொன்னதை அவள் அவருக்கு வெகுநேரம் சொன்னாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சேர்த்துச் சொன்னாளோ, தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அறை இருக்கிறதா என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. போன் என் கையில் இருந்தது. எழுத்தைத் தேடித் தேடி, நோ ரூம் என்று அனுப்பினேன்.

சாயங்காலம் அவள் அதைப் பார்த்துவிட்டாள். "ரெண்டு ரூமும் சும்மாதான கெடக்கு," என்றாள்.

தோட்டத்தில் சோலி இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.