நனையாத துணி

தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்பு மாங்கேணியில் ஷெல் குண்டு விழுந்தபோது, கண்ணகை இரண்டு மாதக் கைக்குழந்தையோடும் மூத்த மகளோடும் ஓடிவந்து கல்குடாப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் தங்கினாள். சோறும் குறைவு, பவுசர் வண்டியில் வரும் தண்ணீரும் குறைவு. தன் பங்கில் பாதியை மூத்தவளுக்குக் கொடுத்துவிடுவாள்.

கைக்குழந்தை அழுவதில்லை, எந்நேரமும் உறக்கம். கண்ணகையும் எழுப்பிப் பால் கொடுக்கவில்லை.

“என்ட குரங்கு நனைக்கிற துணியக் கழுவ ஒரு பவுசர் தண்ணி காணாது. உனக்குச் சாமிப்பிள்ளை வாய்ச்சிருக்கு கா,” என்பாள் பக்கத்துப் பாயில் தன் கைக்குழந்தையோடு படுக்கும் நேசம்மா. கண்ணகைக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் பிள்ளைகளை நிறுக்கத் தராசோடு வந்த மருத்துவமாது எமிலி, குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“எப்ப புள்ள மாத்தின?”

“நேத்து, மிஸி. நனைக்கவே இல்லையே.”

“பால் குடிக்கிற பிள்ளை நனைக்கத்தான் வேணும். இது பால் காணாமச் சோர்ந்து கிடக்கு.”

பிறந்தபோது இருந்த நிறைகூடத் தராசில் இல்லை. ஆஸ்பத்திரிப் பாதையோ சண்டையால் மூடிக் கிடந்தது. அடிக்கடி எழுப்பிப் பால் கொடுக்கச் சொன்னாள் எமிலி. நேசம்மா தன் சோற்றுக் கோப்பையைக் கண்ணகையிடம் தள்ளினாள்.

அடுத்த கிழமையும் நிறை ஏறவில்லை.

“இறங்கவும் இல்லை புள்ள,” என்றாள் எமிலி.

பாதை இன்னும் திறக்கவில்லை. கண்ணகை குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்து மறுபடி எழுப்பினாள்.