ஹார்லன் துரையின் கடைசி வேஷம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நதியாவின் கழுத்தில் இருந்த பத்து விரல் தடங்களை நான் கண்ணால் பார்த்தேன்.

அவள் புருஷன் செல்வமுருகன் கொடைக்கானலில் கைடு. பள்ளங்கி போகிற வழியில் உள்ள ஒரு பழைய பங்களாதான் அவன் பிழைப்பு. அங்கே வாழ்ந்தவர் ஹார்லன் பீட் என்ற அமெரிக்க நடிகர். பாதிரியார் மகன், இங்கேயே பிறந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. நியூயார்க்கில் பன்னிரண்டு வருடம் மேடை. பிறகு ஹாலிவுட்டில் நாற்பத்தொரு படம். அத்தனையிலும் கொலைகாரன், இல்லாவிட்டால் காட்டிக்கொடுப்பவன். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. அலுத்துப்போய் 1958-ல் மனைவி கிளாராவோடு ஊர் திரும்பினார். ஆறே மாதத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. பாவம், சாகும்வரை மனிதர் அவள் கல்லறையே கதி என்று கிடந்தார்.

காய்ச்சலில் செத்த கதைக்கு எந்த டூரிஸ்ட் வருவான்? 'துரை பெண்டாட்டியைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்' என்று அடித்துவிட்டான் செல்வமுருகன். கூட்டம் அள்ளியது. போன நவம்பரில் அதை நடித்தே காட்டத் துணிந்தான். கிளாராவாக நிற்க நதியாவையே கூப்பிட்டான்.

"வேணாங்க. செத்தவர் மேல பழி போடாதீங்க."

"செத்தவன் வந்து கேக்கவா போறான்? வெரசா வா."

மாலை மணி 4:10. பங்களா ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இருந்தும் மூடுபனி உள்ளே வந்துவிட்டது. எட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

டக்... ஷூட்டிங்கில் கிளாப் கட்டை தட்டுகிற சத்தம்.

செல்வமுருகன் அவள் கழுத்தில் சும்மா கை வைத்தான். கைதட்டல்.

"ஒன்ஸ் மோர்!" பின்னாலிருந்து ஒரு கிழக்குரல்.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்கள் தாமாகவே இறுகின...

"நதியா... நான் இல்ல... யாராவது இழுங்களேன்!"

கூட்டம் சிரித்தது. என்ன நடிப்பு!

"ஒன்ஸ் மோர்!"

அவள் கண்கள் செருகின...

4:13.

"ஐயா... பொய் சொன்னேன்... அந்தம்மா காய்ச்சல்லதான் செத்தாங்க... விட்ருங்க..."

டக்.

கை கழன்றது.

வீடியோக்களை அன்றைக்கே ஊர் முழுக்கப் பார்த்தது. அவன் கதறியது எதிலும் பதிவாகவில்லை. சிரித்துக்கொண்டே நெரிக்கிறான். அந்த எட்டுப் பேரில் யாரும் ஒன்ஸ் மோர் கேட்கவும் இல்லையாம்.

நதியா இப்போது பூம்பாறையில், என் வீட்டுக்கு அடுத்திருக்கும் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். போன வாரம்தான் என்னிடம் வாய் திறந்தாள்.

"பின்னால ஒருத்தர் என்னை விழாம தாங்கிக்கிட்டே இருந்தாருங்க. 'பொறுத்துக்கம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் கை ரெண்டும் இனி என்னுது. திருப்பித் தரமாட்டேன், அவன்கிட்ட போயிராத'ன்னு காதுல சொன்னாரு."

இதைச் செல்வமுருகனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு அவளை அழைத்துப்போக வருகிறான்.