பீச்சாங்கை டிக்

எங்கள் பக்கத்தில் செல்ஃப் என்றால் வண்டியைக் கிளப்பும் மோட்டார். காலையில் பைக் கிளம்பாவிட்டால் 'செல்ஃப் எடுக்கல' என்போம். அதனால் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் 'பாலைவன செல்ஃப் டிரைவ்' என்று ஒரு தாள் ஒட்டியபோது, அந்த மோட்டாருக்கு ஏதோ டெஸ்ட் போலிருக்கிறது என்றுதான் நினைத்தோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் கம்பெனியின் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை வாங்கியவர்கள், அதைத் தாங்களே ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் மணலுக்குள் ஐந்து நாள் போவார்கள். முன்னால் வழிகாட்டியின் வண்டி. கடைசியில் கம்பெனியின் வால் வண்டி, அதில் டெக்னீஷியன் இரண்டு பேர். கூடாரம், கட்டில், சமையல்காரர் எல்லாம் லாரியில் தனியாக வந்துவிடும். குடிக்கும் தண்ணீரிலிருந்து டயர் காற்று வரை வேறு ஆள் பார்த்துக்கொள்வான், ஸ்டியரிங்கை மட்டும் இவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் செல்ஃப்.

ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையில் நான் ஏழு வருடம் காண்ட்ராக்டில் இருந்தேன். லைனின் கடைசி முனையில் டயர் காற்று பார்க்கும் வேலை. முப்பத்து மூன்று பவுண்டு இருக்க வேண்டும். இருந்தால் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு டிக். டிக் விழுந்த டயரை அடுத்த ஆள் தொடமாட்டான். தொட்டால் உன்மேல் நம்பிக்கையில்லை என்று அர்த்தம், தவிர அதற்கு நேரமும் கிடையாது.

எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். என் டிக் திரும்பித்தான் விழும். எல்லோருக்கும் நீளக் கோடு வலப்பக்கம் ஏறினால் எனக்கு இடப்பக்கம் ஏறும். சூப்பர்வைசர் யார்டில் நடந்துபோகும்போதே, "இது பீச்சாங்கை பார்த்த வண்டிப்பா" என்று சொல்லிவிடுவார். சக்கரம் எப்படிச் சுற்றி எந்தப் பக்கம் நின்றாலும் என் டிக் இன்னொருவன் டிக்காக மாறாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

காண்ட்ராக்டுக்குச் சாம்பல் சட்டை, பர்மனென்டுக்கு நீலச் சட்டை. அந்த வருடம் சாம்பல் சட்டையிலிருந்து நாலைந்து பேரை நீலத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்றும், என் பெயர் லிஸ்ட்டில் இருக்கிறது என்றும் பேச்சு. பாலைவனத்துக்கு என்னை அனுப்பியதே அதற்குத்தான் என்றார் சூப்பர்வைசர். "போய் நல்ல பேர் வாங்கிக்கினு வா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." வீட்டில் சொன்னேன். என் மனைவி சிரிக்காமல், "நீலத்துணி சீக்கிரம் வெளுத்துப்பூடும். சோப்ப மாத்தணும்" என்றாள். அவள் அன்றைக்கே மாற்றியும்விட்டாள்.

என்னோடு வந்த இன்னொரு டெக்னீஷியன் நீலச் சட்டைக்காரர், மணிமங்கலம் பக்கம். என்னைவிடப் பத்து வயது பெரியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். இன்றைக்கும் கெட்டவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மொத்தம் ஆறு விருந்தாளி வண்டிகள். எங்களை 'பாஸ்' என்று கூப்பிட்டுத் தண்ணீர் கேன் தூக்கச் சொல்வார்கள். பாதி வண்டிகள் மணலுக்குள் போனதுமே மாட்டிக்கொள்ளும். நாங்கள் மண்வாரியோடு ஓடுவோம். வண்டி வெளியே வந்ததும், தாங்களே மீட்டதாக போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆறாவது வண்டியில் வந்த புருஷன் பெண்சாதி மட்டும் வேறு மாதிரி. அந்த அம்மா மேல் கேரியரில் ஓர் ஆரஞ்சுத் துப்பட்டாவைக் கட்டியிருந்தார், தூரத்தில் அடையாளம் தெரிய. மூன்று நாளில் எங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மணலில் இறங்குமுன் டயரில் காற்றை இறக்க வேண்டும். பதினெட்டுக்குக் கொண்டுவந்தால் டயர் தட்டையாகப் பரவி மணல்மேல் மிதக்கும். முப்பத்து மூன்றோடு போனால் கத்தி போல இறங்கிவிடும். முப்பத்திரண்டு இருந்தாலே வண்டியைத் திருப்பி அனுப்பிய கை இது. முதல் நாள் அந்த உஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்கவே எனக்குக் கூசியது. தார் ரோடு வந்தால் திரும்ப ஏற்று, மணல் வந்தால் இறக்கு. பழக்கதோஷம், இறக்கிய டயருக்கும் நாங்கள் சாக்பீஸ் டிக் போட்டோம். வழிகாட்டி உள்ளூர்க்காரர். அதைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

மூன்றாம் நாள் முற்பகல். தார் ரோடு முடிந்து பெரிய மணல்மேடு. முதல் மூன்று வண்டி எனக்கு, அடுத்த மூன்று அண்ணனுக்கு. லைனில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டி வேகமாக வந்து நெருக்கும்போது, முதலில் டிக்கைப் போட்டுவிட்டு வேலையைப் பின்னால் செய்வோம். எல்லோரும் செய்வோம், நானும் செய்திருக்கிறேன். அண்ணன் ஆறாவது வண்டிக்கு நாலு டிக்கும் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து இரண்டு நாளாக இல்லாத சிக்னல் வந்து, அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே நடந்துபோனவர் காற்றை மறந்துவிட்டார்.

கடைசியாக ஒரு சுற்று பார்ப்பது என் வேலை. ஆறாவது வண்டியை நான் சுற்றி வந்தேன். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், விரலால் அழுத்தியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நான் டயரைப் பார்க்கவில்லை, டிக்கைப் பார்த்தேன். டிக் இருந்தது. வாக்கிடாக்கியில் வழிகாட்டி இந்தியில், "எல்லாவற்றிலும் காற்று இறக்கியாச்சா?" என்று கேட்டார். ஓகே என்றேன். அந்த ஓகே என்னுடையது, அதை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

கம்பெனி கூட்டிவந்திருந்த போட்டோகிராபர் மேட்டின் கீழே படுத்து ஒவ்வொரு வண்டியையும் படமெடுத்தான். ஆறாவது வண்டி பாதி மேட்டில் தோண்டிக்கொண்டு நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் பயந்துபோய் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி குறுக்கே வழுக்கி, அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அந்த அம்மாவின் மணிக்கட்டு உடைந்துவிட்டது. வெளியே தூக்கியபோது அவர் அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, தன் செருப்பு எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான்தான் தேடிக் கொடுத்தேன்.

வழிகாட்டி மேலே தூக்கிக்கொண்டிருந்த டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கீழே இறங்கிப் போனார்.

அண்ணன் என் கையைப் பிடித்து வால் வண்டிக்குப் பின்னால் இழுத்தார். முகம் வெளுத்திருந்தது.

"டேய், எனக்கு டீம் லீடர் லெட்டர் டைப் ஆயிகினு கீதுடா. இது தெரிஞ்சா என்கொயரி, சார்ஜ் ஷீட்டுன்னு பதினஞ்சு வருஷ சர்வீஸ் பூடும். நீ காண்ட்ராக்ட்டு. ஒனக்கு ரெண்டு திட்டு, அத்தோட சரி."

"லிஸ்ட்ல என் பேர் கீதுண்ணே."

"நான் கீறேன்டா. டீம் லீடரா ஒக்காந்துட்டு ஒன்ன நான் வுட்ருவனா?"

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி வந்து, "ஆறாவது வண்டி யார் பார்த்தது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். தூக்கியது இடது கை. டயரில் இருந்ததோ நேரான டிக். லைனில் ஒரு வாரம் நின்றவனுக்குக்கூட அது போதும். அவர் லைனில் நின்றவரில்லை, குறித்துக்கொண்டார். நல்லவன் என்று பேரெடுக்க ஆசைப்பட்டேனா, அண்ணனை நம்பினேனா, இல்லை அந்த ஓகே உறுத்தியதா, எனக்கே தெரியாது. முட்டாள்தனம் என்று மட்டும் தெரியும்.

ஊர் திரும்பிய மறுநாள் காண்ட்ராக்ட் ஏஜென்சியிலிருந்து போன். "நாளையிலேர்ந்து வராத. ஐடி கார்ட கேட்ல குட்துடு." திட்டுகூட இல்லை. அண்ணன் போனை எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்துப் படப்பையில் டீக்கடையில் பார்த்தேன். "இன்னாடா, நல்லா கீறியா?" என்றார். நல்லா இருக்கேன்ணே என்றேன். டீம் லீடர் பேட்ஜ் குத்தியிருந்தார். என் டீயையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார், அதையும் குடித்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஒங்க டிக் இல்லன்னா அப்ப ஏன் கைய தூக்குனீங்க?" அண்ணன், லெட்டர், ஓகே என்று ஏதேதோ சொன்னேன். அதற்குப்பின் அவள் அதைக் கேட்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை என்று தெரிந்தது. எத்தனை முறை சொன்னாலும் "சரி" என்பாள். அந்த 'சரி'யில் ஒரு இடைவெளி இருக்கும்.

இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குடோனில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க இருவரும் பைக்கில் போனோம். வழியில் சிக்னலில் நின்றபோது எதிரே புதிதாக ஒரு பெரிய ஹோர்டிங். மணல்மேடு, நீல வானம், ஏறுகிற வண்டி. கேரியரில் ஆரஞ்சுத் துப்பட்டா. சாயப்போகிற வண்டியை விளம்பரத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்று சிரிப்பு வந்தது. டயர் ஆள் உயரத்துக்கு இருந்தது, அதில் சாக்பீஸ் டிக் துலக்கமாகத் தெரிந்தது. கடைசியில் சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்குக் காட்டலாம் என்று திரும்பினேன். அவள் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒங்க டிக்குதான?"

மறுபடி பார்த்தேன். நீளக் கோடு இடப்பக்கம் ஏறியிருந்தது. வீட்டுக் காலண்டரில் ஷிப்ட் நாளுக்கு நான் போடும் அதே டிக். பிறகுதான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். இடது பக்கம் இருந்தது, வெளிநாட்டு வண்டி மாதிரி. கம்பெனி ஷோரூம் ரோட்டின் அந்தப் பக்கம் இருப்பதால் வண்டி அதைப் பார்த்து நிற்கட்டும் என்று, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள்.

"படத்த திருப்பிப் போட்டுக்கீறாங்க. ஸ்டியரிங்க பாரு" என்றேன்.

அவள் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை. என் தோளில் கை வைத்தாள். அவ்வளவு மெதுவாக அவள் என்னிடம் பேசி வெகு நாளாயிற்று.

"பரவால்ல வுடுங்க. அன்னிக்கே உண்மைய சொல்லியிருக்கலாம். நான் இன்னா ஒங்கள திட்டவா போறேன்?"

நான் செய்யாததை அவள் மன்னித்துவிட்டாள். சிக்னல் பச்சையானது. பைக் செல்ஃப் எடுக்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான், உதைத்துக் கிளப்பினேன்.