பாதியில் பிடுங்கிய கேபிள்

எங்கள் யார்டில் சர்வேயர்களுக்கு என்று வாங்கிக் கொடுத்த ஃபோன் ஒரு நல்ல பைக்கின் விலை. கீழே போட்டால் உடையாது, தண்ணீரில் விழுந்தால் சாகாது, இருட்டில் எறும்பு ஊர்வதைக்கூடப் படம் பிடிக்கும் என்று மேனேஜர் அதைக் கையில் கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் எடுத்த வீடியோவைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

திருவொற்றியூருக்கு வடக்கே, துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் இருக்கிறது அந்தக் கன்டெயினர் யார்டு. சரக்கை உள்ளே ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து கதவை மூடி சீல் வைக்கும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுப்பது என் வேலை. கடல் தாண்டிப் போய் இறக்கும்போது சரக்கு உடைந்திருந்தால், இங்கே ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு அந்த வீடியோதான் அத்தாட்சி. அதனால் உச்சபட்சத் தரத்தில் எடுக்க வேண்டும். அரை மணி நேர வீடியோவை ஃபோனே மூன்று துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும், அவ்வளவு கனம்.

சாயங்காலம் ஆனதும் ஃபோனை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகி, அன்றைய வீடியோக்களை எல்லாம் கட் செய்து, தேதி போட்ட ஃபோல்டரில் பேஸ்ட் செய்ய வேண்டும். காப்பி கிடையாது, கட்: ஒரு வீடியோ மாறி முடிந்ததுமே ஃபோனிலிருந்து அழிந்துவிடும். ஒருமுறை எங்களில் ஒருவர் காப்பி எடுத்துவிட்டு ஃபோனில் இருந்ததை அழிக்க மறந்துபோய், மறுநாள் பாதிச் சரக்கு ஏறும்போதே இடமில்லை என்று ஃபோன் நின்றுவிட்டது. அதற்கப்புறம் இதுதான் சட்டம். வருஷக்கணக்கில் செய்து செய்து, கேபிளைச் செருகினால் என் விரல் தானாகவே கட் அமுக்கும்.

பிறகு அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நாற்பது நிமிடம் என்று காட்டும். டீ குடித்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் என்று காட்டும். நான் அந்த ஃபோனைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன். கேபிள் ஓட்டையில் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் அடைத்திருக்கும் என்று பல்குத்தும் குச்சியால் நோண்டியிருக்கிறேன். கடைசியில் வண்ணாரப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேபிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது சார்ஜ் ஏற்றத்தான் லாயக்கு என்று ஓரமாகப் போட்டார். வேறு கேபிள் போட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

"ஃபோன் புதுசு நைனா, உள்ள கீற லைன் பழசு. இருபது வருசம் முன்னாடி பட்டன் ஃபோன்ல இருந்த அதே ஸ்பீடுதான். கேமராவைப் பாத்துதானே அல்லாரும் வாங்கறான், கேபிள் ஓட்டையை எவன் பாக்கறான்?"

அவ்வளவு விலை கொடுத்த சாமானில் இப்படி ஒரு ஏமாற்றா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தைப் பிற்பாடு எவ்வளவு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் கன்டெயினர் நம்பரை யாராவது உரக்கப் படிக்க வேண்டும். என் குரல் எடுபடாது. அதனால் கதவு திறப்பதும் சரக்கைக் கட்டுவதுமாக என்னோடு வேலை பார்த்தவன்தான் படிப்பான். நெட்டுக்குப்பத்துக்காரன். எண்ணூர்க் கழிமுகத்தில் மின்நிலையத்துச் சுடுதண்ணியும் சாம்பலும் கலந்து மீன் அற்றுப்போன பிறகு வலையை மடித்து வைத்துவிட்டு யார்டுக்கு வந்தவன். படகுக்குப் படகு கத்திப் பழகிய தொண்டை. கதவை இரண்டு தட்டுத் தட்டி, நான்கு எழுத்து ஏழு எண் அத்தனையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "ஓட்டு நைனா" என்பான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் எத்தனையோ பேர் அந்த "ஓட்டு நைனா"வைக் கேட்டிருப்பார்கள்.

அவன் செத்ததும் என் வீடியோவில்தான். ஏற்றி முடித்து, சீல் எடுத்துவர நடந்துகொண்டிருந்தான். நான் கன்டெயினர் வாசலில் நின்று அவன் பக்கமாக ஃபோனைப் பிடித்திருந்தேன். தலையில் ஹெல்மெட் இருந்தது. நடப்பதற்கென்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் நடந்தான். கையில் ஒன்றும் இல்லை. கன்டெயினரைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டி பின்பக்கமாக வந்தது. பின்னால் வரும்போது அலற வேண்டிய ஹாரன் அலறவில்லை. அது பத்து நாளாகவே அலறவில்லை என்பது யார்டில் எல்லாருக்கும் தெரியும். நான் கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிணவறை வாசலில் நாங்கள் நிற்கும்போதே யார்டு ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஹெல்மெட் போடவில்லையாம், செல்போனில் பேசிக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்துவிட்டானாம். அவன் மேல்தான் தப்பு என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அவன் மனைவிக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. கவனமில்லாமல் போய்ச் செத்தான் என்று பிள்ளைகள் கேட்டு வளரணுமா என்றுதான் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாம் வீடியோவில் இருக்கிறது, காலையில் உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று இரவே மேனேஜர் எல்லாச் சர்வேயர்களுக்கும் செய்தி அனுப்பினார்: பரிசோதனைக்காக ஃபோன்களைக் காலை பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டும்.

மறுநாள் காலை எட்டரைக்குத் திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடை திறக்கும்போதே நானும் அவன் மனைவியும் உள்ளே போனோம். பிரேதம் மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு புது பென் டிரைவ் வாங்கிக் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் செருகினேன். அதற்கு முன்னால், அவள் கேட்டாள் என்பதற்காக, முதல் துண்டின் தொடக்கத்தை ஃபோனில் போட்டுக் காட்டினேன். கதவை இரண்டு தட்டுத் தட்டி அவன் நம்பரைப் படித்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தபா என்றாள், போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். நான் கடைசித் துண்டை ஓட்டினால் அவர் தன் ஃபோனில் அதை அப்படியே படம் பிடித்துக்கொள்வாராம், பத்து நிமிட வேலையாம். நான் ஒரு பெரிய மனுஷன் மாதிரி வேண்டாம் என்றேன். எங்கள் தொழிலில் அந்த மாதிரி நகலை எவனும் வாங்க மாட்டான், தேதியும் நேரமும் பதிந்த ஒரிஜினல் ஃபைல்தான் செல்லும். அதையே அவளுக்கும் விளக்கினேன். அவள் தலையாட்டினாள். எனக்குத் தெரியாததா என்கிற திமிர், வேறென்ன.

மூன்று துண்டுகளையும் தேர்ந்தெடுத்தேன். விரல் கட் அமுக்கியது. அமுக்கியது எனக்குத் தெரியக்கூட இல்லை.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. முப்பத்தைந்து நிமிடம் என்றது. ஒன்பது மணிக்கு ஐம்பது நிமிடம் என்றது. ஒன்பதரைக்கு இரண்டாவது துண்டில் நின்றுகொண்டு யோசித்தது. அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நீளம் புரிந்தது. இன்னும் இம்மாந்தூரம் கீதா அண்ணே என்று ஒருமுறை விரலால் அளந்து கேட்டாள்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது துண்டு ஓட ஆரம்பித்தது. அவன் அடிபட்டது அதில்தான் இருந்தது. அதே நேரத்தில் யார்டு சூப்பர்வைசர் பைக்கைக் கடை வாசலில் நிறுத்துவதைப் பார்த்தேன். ஃபோனை வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வழியில் என் வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறான். அவளோடு இங்கே உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்று அவன் பார்த்துவிட்டால் என் வேலை என்னவாகும் என்பதைத் தவிர அந்த நொடியில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கேபிளைப் பிடுங்கினேன். பென் டிரைவையும் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன். மாறியது மாறிவிட்டது, மாறாதது ஃபோனில் இருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெளியே போய், சார்ஜ் போட வந்தேன் என்று சொல்லி ஃபோனை அவன் கையில் கொடுத்தேன்.

திரும்பி வந்து பென் டிரைவைச் செருகினால் அது திறக்கவில்லை. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அப்படித்தான் ஆகும் என்றார் கடைக்காரர். நீங்கள் காப்பிதானே கொடுத்தீர்கள், ஃபோனில் எல்லாம் அப்படியே இருக்கும் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு என் விரல் ஞாபகம் வந்தது. அவன் நம்பர் படித்த துண்டும் அடுத்த துண்டும் ஃபோனிலிருந்து போய்விட்டன. மூன்றாவது துண்டு ஃபோனில் இருந்தது, ஃபோன் அவர்களிடம் இருந்தது.

வண்ணாரப்பேட்டை பாய் பென் டிரைவை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் குப்பையாகக் கிடக்கிறது என்று சொல்லிக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து யார்டில், ஃபோனில் அந்த நாளுக்கான வீடியோ எதுவுமே இல்லை என்றார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு நெட்டுக்குப்பம் போனேன். அந்த ஃபோனின் கேபிள் லைன் பழசு என்பதையும், வேறு நல்ல ஃபோனாக இருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பதையும் அவளிடம் விலாவாரியாகச் சொன்னேன். கோபமாகச் சொன்னேன், எனக்கே அநியாயம் நடந்துவிட்ட மாதிரி. நான் முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

"அது போனா போவுது அண்ணே. நீ கண்ணால பாத்தல்ல? விசாரணையில வந்து வாயால சொல்லு, போதும்."

சொல்கிறேன் என்றேன். இரண்டாவது வாக்கு.

விசாரணை யார்டு ஆபீஸ் மாடியில் நடந்தது. வெளியிலிருந்து வந்த அதிகாரி நல்ல மாதிரிதான் தெரிந்தார், யாரையும் மிரட்டவில்லை. மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் மிரட்டவில்லை. காலையில் பார்த்தபோது என் பெரிய மகளின் காலேஜ் எப்படிப் போகிறது என்று மட்டும் விசாரித்தார். செத்தவனின் மனைவி எதிரே, பெஞ்சின் நுனியில், சின்ன மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீடியோ எங்கே என்று அதிகாரி கேட்டார். கேபிள் தகராறில் போய்விட்டது என்றேன், அது எளிதாக வந்தது. இறந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா, கோட்டுக்குள் நடந்தாரா, ஹாரன் கேட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஃபோன் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை என்றேன். அந்தத் திரையில்தான் எல்லாவற்றையும் பார்த்தேன் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். நான் தலை நிமிரவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா அம்மா என்றார்.

"இன்னா கேக்கறது சார். அந்த அண்ணனுக்கும் வூடு கீது, புள்ளைங்க கீறாங்க."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, இதையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுதிக்கோங்க என்றாள். என் பொய்க்கு நேர் கீழே அதை எழுதி, தாளை என் பக்கம் நகர்த்தினார். இரண்டுக்கும் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.