நாற்பத்தொரு பச்சை

ஆரணியில் சாயக்காரர் ஜெகநாதன் என்றால் பட்டுக்காரர்களுக்குத் தெரியும். டூர் ஜெகநாதன் என்றால் ஊருக்கே தெரியும். ஐம்பத்தாறு வயது. வாரத்தில் ஆறு நாள் கொதிக்கிற சாயத் தொட்டியின் முன்னால் நின்று நூலை முக்கித் திருப்பிக்கொண்டிருக்கும் மனுஷர், வருஷத்துக்கு மூன்று தடவை ஒரு பஸ்ஸைப் பேசி நாற்பது பேரைத் திருவிழா பார்க்க அழைத்துப் போவார். காஞ்சிபுரத்துக் கருடசேவை, மயிலாப்பூர் அறுபத்துமூவர், திருவாரூர்த் தேர் என்று பத்தொன்பது வருஷமாக இது நடக்கிறது. புதுக் காலண்டர் கைக்கு வந்துவிட்டால் அவருக்கு வேறு வேலை ஓடாது. எந்த ஊரில் எந்த நாள் சாமி புறப்படுகிறது, போலீஸ்காரர்கள் எந்த ரோட்டை எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள், எந்தக் கல்யாண மண்டபத்தில் தண்ணீர் நிற்காமல் வருகிறது என்று எல்லாம் நோட்டில் ஏறிவிடும். பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணுகிறவர்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்.

இத்தனை வருஷத்தில் ஒரு ஆளைக்கூட அவர் தொலைத்ததில்லை. அதற்கு அவர் வைத்திருந்த வழி ஒரு சாயக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. டூருக்கு வரும் பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலை, ஆண்களுக்கு அதே நிறத்தில் துண்டு. நூலைத் தன் கையாலேயே ஒரே தொட்டியில் சாயம் தோய்த்து, சேவூரில் விசைத்தறி வைத்திருக்கும் மாணிக்கவேலிடம் கொடுத்து நெய்து வாங்குவார். கருடசேவைக்கு மாம்பழ மஞ்சள் என்றால் அறுபத்துமூவருக்குக் கத்தரிப்பூ. லட்சம் பேர் நடுவில் நின்றாலும் தன் தொட்டியில் ஊறிய நிறம் தன் கண்ணுக்குத் தப்பாது என்று சொல்லிக்கொள்வார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அவர் மனைவி ஸ்வர்ணலதா எல்லா டூருக்கும் போவாள், ஆனால் ஒரு சாமியையும் பார்த்தவள் இல்லை. நாற்பது பேருக்குச் சமைப்பது அவள் வேலை. மற்றவர்கள் தேர் பார்க்கக் கிளம்பியதும் அவள் பஸ் நிற்கும் இடத்திலேயே அடுப்பை மூட்டி, அவர்கள் விட்டுப்போன பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரும்பி வருகிறவர்கள் சாமி எப்படி ஜொலித்தது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள். அவளும் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றுவாள்.

அந்த வருஷம் மதுரைச் சித்திரைத் திருவிழா என்று முடிவானது. அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்கவேண்டும் என்று நெசவுக்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டோடு வாழ்கிறவர்களுக்கு, சாமி என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே காத்துக்கிடக்கும் ஒரு விழா பிடிக்காமல் போகுமா? அழகர் பச்சைப்பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் நாடு செழிக்கும் என்பார்கள். நம் ஆட்களுக்கும் பச்சைதான் என்று ஜெகநாதன் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

மாணிக்கவேல் மட்டும் தறியை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். "அண்ணே, அன்னிக்கு மதுரையில பாதிப் பேரு பச்சதான் கட்டிகினு வருவாங்க. வேற கலர் போட்டுக்கலாமே."

"என் பச்ச வேற," என்றார் ஜெகநாதன். "கிளிப்பச்சைக்கும் வாழையிலைக்கும் நடுவுல ஒண்ணு புடிச்சிருக்கேன். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

பங்குனியில் ஒரு நாள் காலை, துவைக்கிற கல்லின் பக்கத்தில் ஸ்வர்ணலதா மயங்கி விழுந்தாள். பிரஷர் தாறுமாறாக இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கூட்டத்துல கொண்டுபோய் நிக்கவெக்காதீங்க. வெறும் வயித்தோட நிக்கவே கூடாது. தனியா விழுந்துட்டா பேஜாராயிடும்," என்று ஜெகநாதனைப் பார்த்துத்தான் சொன்னார். அவரும் தலையை ஆட்டினார். மதுரைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

வழக்கம்போல முன்கூட்டியே தனியாக மதுரைக்குப் போய் இடம் பார்த்துவிட்டு வந்தார். பஸ் நிற்கப்போகும் திடலிலிருந்து ஆற்றங்கரை வரை நடந்து அடிகளை எண்ணினார். இரண்டாயிரத்து நூற்றுப் பத்து அடி. வழியில் டீ குடித்த கடைக்காரர் இவர் வாய்க்குள் எண்ணுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்கு இது ரோடுங்க. அன்னைக்கு நீங்க நடக்கவே வேணாம், கூட்டமே தூக்கிட்டுப் போயிரும். எங்க கொண்டுபோய் விடும்னுதான் சொல்ல முடியாது."

ஜெகநாதன் அடிக்கணக்கை நோட்டில் எழுதினார். கடைக்காரர் சொன்னதை எழுதவில்லை.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் கழுத்தில் மாட்டும் அட்டைகள் அச்சாகி வந்தன. ஒவ்வொன்றிலும் ஆள் பெயரும் ஜெகநாதனின் செல் நம்பரும் இருந்தன. ஸ்வர்ணலதாதான் உட்கார்ந்து அவற்றுக்கு நாடா கோத்தாள். கோத்து முடித்துவிட்டு, "நாப்பதுதான் இருக்குது. எனக்கு எங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு இன்னாத்துக்கு அட்ட? நீ பஸ்ஸாண்டதான இருப்ப. நீ எங்க காணாம போவப்போற?"

அவள் நாடாவின் முனையைக் கத்தரித்தாள். "இந்த வாட்டி நானும் ஆத்துக்கு வரேங்க. பத்தொம்போது வருசம் ஆயிடுச்சு. சோத்த முன்னாடியே கட்டி வெச்சுடறேன்."

டாக்டர் சொன்னது அவர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. "சரி வா. என் பின்னாலியே வா," என்றார். அட்டைப் பேச்சை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். அப்படித்தான் அவர் இன்றைக்கும் சொல்கிறார். அவள் மறந்தாளா என்பது எனக்குத் தெரியாது.

மதுரையில் மண்டபத்தில் இறங்கிய நேரத்திலிருந்து அவள் ஓயவில்லை. மறுநாள் விடிவதற்குள் புளியோதரையும் தயிர்சாதமும் கிளறிக் கூடைகளில் கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தன் இடத்தில் ஏற்றிவைத்தாள். பஸ் திடலுக்குப் போய் நின்றது. எல்லோரும் டீ குடித்தார்கள். அவள் குடிக்கவில்லை, நேரமில்லை. குளித்து, மஞ்சள் பூசி, அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றபோது கன்னியம்மாள், "லதாவுக்குத்தான் இந்தக் கலரு எடுப்பா இருக்குது," என்றாள். கன்னியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி, எல்லா டூருக்கும் வருகிறவள். ஜெகநாதனும் பார்த்தார். நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

ஆற்றங்கரையை நெருங்க நெருங்கத் தரை கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னால் ஜெகநாதன் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். வானம் வெளுத்தது. எங்கிருந்தோ "கோவிந்தா" என்று ஒரு குரல் கிளம்பி, அது ஆயிரம் குரலாகி, தங்கக் குதிரை தூரத்தில் அசைந்து வந்தது. கூட்டம் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்தது. வேண்டிக்கொண்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். மேலேயிருந்து குடம் குடமாக ஊற்றினார்கள். நனையாத ஆளே இல்லை. ஜெகநாதன் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பின்னால் பச்சை தெரிந்தது. அது போதும் என்று மறுபடி சாமி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நனைந்த துணியில் நிறம் தெரியாது, எல்லாம் ஒன்றுபோல இருண்டுவிடும். இது சாயக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் தொட்டியிலிருந்து எடுக்கும் ஈர நூலைக் காயவைத்துப் பார்க்காமல் அவர் நிறம் சொல்லவே மாட்டார். அன்றைக்கு மட்டும் அது அவர் நினைவுக்கு வரவில்லை.

கூட்டம் கலைந்து, ஆட்கள் இரண்டும் மூன்றுமாகப் பஸ்ஸுக்கு வந்து சேரப் பத்தரை மணியாகிவிட்டது. ஜெகநாதன் கடைசியாக ஏறினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கூடைகளின் பக்கத்தில், முந்தானையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனுஷருக்கு மனம் இளகியது. விடியும் முன்னால் எழுந்து வெந்தவள், தூங்கட்டும் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு முன்னாலிருந்து பின்னால் வரை சீட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. திரும்பப் பின்னாலிருந்து எண்ணினார். நாற்பத்தொன்று.

"ரைட்டு, எடுப்பா," என்றார்.

துவரங்குறிச்சியைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தியபோது மணி ஒன்று. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. கூடை மட்டும் இறங்கவில்லை.

"லதா, இன்னும் இன்னா தூக்கம்? கூடையத் தொறம்மா, பசி வயித்தக் கிள்ளுது," என்று கன்னியம்மாள் பஸ்ஸுக்குள் ஏறிப் போனாள். போனவள் உடனே இறங்கி வந்தாள். வெளிறிப்போன முகத்தோடு ஜெகநாதனைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, அது லதா இல்ல."

விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் யாரோ ஒரு பெண். பச்சைச் சேலை. பெயர் விருத்தாம்பாள் என்றாள், விருத்தாசலம் பக்கத்திலிருந்து மகனோடும் ஊர்க்காரர்களோடும் வந்தவள். அவர்கள் ஊர்ப் பெண்களும் பச்சைதான் கட்டியிருந்தார்களாம். கூட்டத்தில் பிரிந்து, அலைந்து, பச்சைச் சேலைக்காரிகள் ஏறுகிற பஸ்ஸைப் பார்த்ததும் தன்னுடையது என்று ஏறிவிட்டாள். காய்ந்துபோன அவள் சேலையை ஜெகநாதன் பார்த்தார். பாசிப்பச்சை. அவர் தொட்டியில் அப்படி ஒரு பச்சை ஊறியதே இல்லை. ஒரு குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

மனைவியின் செல்லுக்கு அடித்தார். புளியோதரைக் கூடைக்குள் அது ஒலித்தது.

பஸ்ஸை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு வாடகைக் காரில் விருத்தாம்பாளையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினார். வழியில் அவள் தன் மகன் நம்பரை நினைவிலிருந்து சொன்னாள். முதல் ரிங்கிலேயே எடுத்தான். அம்மாவின் குரலைக் கேட்டதும் மறுமுனையில் அவன் அழுதது காருக்குள் எல்லோருக்கும் கேட்டது. ஒன்பது மணியிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அவள் வராமல் பஸ் நகரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் வெயிலில் இறங்கி நிற்கிறார்களாம். ஜெகநாதன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, காணாமல் போனவர்களைப் பற்றிச் சொல்லும் பந்தலுக்கு ஓடினார். அங்கே இருந்த பெண் போலீஸ் பேனாவை எடுத்தாள்.

"என்ன சேலை?"

"பச்சைங்க."

அவள் எழுதாமல் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அடையாள அட்டை ஏதாச்சும்?"

"இல்லீங்க."

"போட்டோவாவது இருக்கா?"

செல்லில் டூர் டூராகப் படங்கள் இருந்தன. தேர் முன்னால் நாற்பது பேர், கோபுரத்தின் முன்னால் நாற்பது பேர். தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தின் ஓரத்தில் கரண்டி பிடித்த ஒரு கை இருந்தது. அது அவளுடையதுதான். அதை எப்படிக் காட்டுவது?

மயங்கி விழுந்த பெண்கள் சிலரைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது, பெயர் தெரியாதவர்களும் உண்டு, போய்ப் பாருங்கள் என்றார்கள். பெயர் தெரியாதவர்கள் என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டரின் குரலும் டீக்கடைக்காரரின் சிரிப்பும் மாறி மாறி வந்தன. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனார். அத்தனை சாமிகளையும் அவர் நேரில் பார்த்தவர்.

வார்டில் வரிசையாகக் கட்டில்கள். வாசலிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். முகத்தை வைத்து அல்ல. நாலாவது கட்டிலின் கம்பியில் ஒரு சேலை உலர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சைக்கும் வாழையிலைக்கும் நடுவில். அவருடைய பச்சைதான், சந்தேகமே இல்லை.

ஆஸ்பத்திரி உடையில், கையில் டிரிப்ஸ் ஏற, ஸ்வர்ணலதா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். உயிர் இருக்கிறது.

"நீங்கதான் வீட்டுக்காரரா?" என்று நர்ஸ் வந்தாள். "பத்து மணிக்கே நல்லா நினைவு வந்துருச்சு சார். வீட்டு நம்பர் தெரியுமானு கேட்டோம், தெரியும்னாங்க. சொல்லுங்க, பேசித்தர்றோம்னோம். மாட்டேன்னுட்டாங்க. பேரும் சொல்லல."

நாற்பது அட்டைகளுக்கு நாடா கோத்தவளுக்கு அந்த நம்பர் தெரியாமல் இருக்குமா?

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாமியப் பாத்தியா?" என்றார்.

அவள், "எண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

"எண்ணுனேன். ரெண்டு வாட்டி."

"எவ்ளோ வந்துது?"

"நாப்பத்தொண்ணு."

அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"நான் இல்லைன்னு எப்ப தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்பின உடனேயே தெரிந்துவிட்டது, ரோடு அடைத்திருந்ததால் வர முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அவருக்கு வாய் வரவில்லை.

"ஒரு மணிக்கு," என்றார்.

"சாப்பாட்டு நேரத்துக்கு," என்றாள் ஸ்வர்ணலதா. பிறகு ஊசி குத்திய கை நோகாமல், மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.