கரையா, நெரையா

மலேசியாவில் குளிர்காலம் கிடையாது என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் எங்கள் கோல்ட்ரூமுக்குள் அரைமணி நேரம் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஈப்போவில் மெங்லெம்பு பக்கம் ஒரு கிடங்கு. உள்ளே கோழியும் மீனும் ஆட்டிறைச்சியும் பெட்டி பெட்டியாகக் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வெளியே ஊரே வேர்த்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் பஞ்சு வைத்த சட்டையும் முழங்கால் பூட்ஸும் போட்டுக்கொண்டு மூக்கு ஒழுக நிற்போம். நான் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். பெயர் தர்மா. பெட்டி அடுக்குகிறவர் மரியஜோசப். எனக்கு மூன்று வயது மூத்தவர். உறவு ஒன்றும் இல்லை. ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததால் அவர் எனக்கு மச்சான், அவர் மனைவி கெர்ட்ரூட் எனக்கு அக்கா.

மச்சானுக்கு அங்கே இருபத்திரண்டு வருடக் குளிர்காலம்.

எங்கள் தொப்பியில் இரண்டு பக்கமும் காதை மூடும் மடல் உண்டு. உள்ளே போகிற எல்லாரும் இரண்டையும் இறக்கித் தாடைக்குக் கீழே கட்டிக்கொள்வோம். மச்சான் மட்டும் வலதுபக்க மடலைத் தூக்கிக் கட்டியிருப்பார். காரணம் பாட்டு. நான் வண்டியிலிருந்து ஒரு பழைய பாட்டின் முதல் அடியைக் கத்துவேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே அடுத்த அடியைச் சொல்வார். பாட மாட்டார், சொல்லத்தான் செய்வார்.

"மெட்டு யாருக்கும் வரும்லா. வார்த்தைய பாரு மச்சான், வார்த்தைய. ஒரு சொல்ல எடுத்துட்டு இன்னொண்ண வச்சுப் பாரு, உக்காராது" என்பார்.

அவர் மடலைத் தூக்கிக் கட்டிய காதுக்கு நேர் மேலேதான் குளிர்காற்றை அடிக்கும் மெஷின் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருந்தது. அதை இருபத்திரண்டு வருடம் நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார், சூப்பர்வைசரும் பார்த்தார். ஒருத்தனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கண் இருந்து என்ன பிரயோசனம்?

அவருடைய சொத்து ஒரு பழைய செக்ரோல் புத்தகம். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று ஆபீஸ் கணக்கரான கிராணி குறித்துக்கொள்ளும் நீளமான புத்தகம் அது. ஆபீசில் கழித்துப் போட்ட ஒன்றைப் பதினேழு வயதில் கேட்டு வாங்கி, பாட்டெழுத ஆரம்பித்திருக்கிறார். பெயர் எழுதும் கோட்டில் பாட்டின் அடிகள். வந்தார், வரவில்லை என்று குறிக்கும் கட்டங்கள் காலியாக இருக்கும். எல்லாம் காதால் கேட்டு எழுதியது. எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே ஒரு ரேடியோ, அதுவும் மழை வந்தால் கரகரக்கும். கேட்டது பாதி, ஊகித்தது பாதி. ஆனால் எங்கள் தோட்டத்தில் பாட்டுச் சண்டை வந்தால் தீர்ப்பு அந்தப் புத்தகத்தில்தான்.

தோட்டம் பீடோருக்குத் தெற்கே இருந்தது. ஊசிமலைத் தோட்டம் என்போம். விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவோம். ஒரு ஆளுக்கென்று ஒதுக்கிய மரவரிசைக்கு நிரை என்று பெயர். எங்கள் வாயில் அது நெரை. மச்சானுடைய நெரைக்கு அடுத்த நெரை கெர்ட்ரூட் அக்காவுடையது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டு ரேடியோவில் அடிக்கடி வரும். அதில் ஒரு அடியை மச்சான் தினமும் இருட்டில் அந்தப் பக்கம் பார்த்துச் சொல்வார்.

நீ வரும் நெரையில் விளக்காய் நிற்பேன்.

நெற்றி விளக்கோடு நெரையில் நிற்கிறவன் இதைச் சொன்னால் எந்தப் பெண்தான் திரும்பிப் பார்க்க மாட்டாள்? அக்கா திரும்பிப் பார்த்தார். பீடோர் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. மெலிண்டா பிறந்தாள். பிறகு தோட்டத்தை விற்றார்கள், மரத்தையெல்லாம் சாய்த்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஆளுக்கொரு வாடகை வீட்டில் ஒதுங்கினோம். கோல்ட்ரூம் வேலை எனக்குக் கிடைத்த அதே வாரம் அவருக்கும் கிடைத்தது. மெலிண்டா வளர்ந்து ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டாள்.

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் நான் கத்திய அடிக்கு அவர் வேறு ஏதோ பாட்டின் அடியைச் சொன்னார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் கத்தியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்து ஒரு தாளில் மலாயில் எழுதிக்கொடுத்தார். இரண்டு காதிலும் நரம்பு செத்துவிட்டது; மடல் இறக்கிய காதையும் மெஷின் சத்தம் விட்டுவைக்கவில்லை. சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. போனது போனதுதான். காதில் மெஷின் வைத்தும் பார்த்தார்கள். சத்தம்தான் கூடியது. மழை கேட்கிறது, லாரி கேட்கிறது, மனிதன் பேசுவது மட்டும் வாய்க்குள் துணியை அடைத்துப் பேசுவதுபோல் கேட்கிறது என்றார். வார்த்தைக்காகவே காதைத் திறந்து வைத்திருந்தவருக்கு வார்த்தை போய்விட்டது. ஆண்டவன் இப்படியா பார்த்து அடிப்பான்? நான் அன்றைக்குச் சாமி கும்பிடவில்லை.

இங்கேதான் நான் வாயை விட்டேன். வாயைக்கூட அல்ல, கையை. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு கோழிப்பெட்டியின் மூடியைக் கிழித்து மார்க்கர் பேனாவில் எழுதிக் காட்டினேன். "குளிர்ல அடச்சிருக்கு மச்சான். நாலு நாளு நல்லா பானாஸ் படட்டும், தன்னால தொறந்துக்கும்." பானாஸ் என்றால் மலாயில் சூடு.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை நம்பாதவர் நான் அட்டையில் கிறுக்கியதை நம்பினார். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் விடுமுறை என்று எங்கும் போகாதவர் டிசம்பரில் ஒரு வாரம் லீவு கேட்டார். கடற்கரை வேண்டும், வெயில் வேண்டும் என்று மகளிடம் சொல்லச் சொன்னார். மெலிண்டா லுமுட் பக்கம் தெலுக் பாத்தேக்கில் ஒரு சின்ன வீடு எடுத்துக் கொடுத்தாள். என் வேனில் மூன்று பேரும் போனோம். மச்சான் மடியில் செக்ரோல் புத்தகம். அறுபது வயதை நெருங்கும் மனிதர், கடலில் குளிக்கப் போகிறவர், துண்டு எடுத்துவர மறந்துவிட்டார். புத்தகத்தை மறக்கவில்லை.

"காது தொறந்ததும் மொதப் பாட்டு எது தெரியும்ல?" என்று வழி நெடுக என்னைக் கேட்டார். நான் தலையாட்டிக்கொண்டே ஓட்டினேன். அவர் நம்பியது எனக்குப் பயமாக இருந்தது.

சூடு தேடிப் போன எங்களுக்கு இரண்டு நாள் விடாத மழை. கட்டிலில் கால் நீட்டிப் படுத்தோம், வறுத்த மீன் தின்றோம், மைலோ குடித்தோம், தூங்கினோம். அக்கா வேலைக்காரம்மாபோல் ஓடாமல் உட்கார்ந்திருந்ததை அங்கேதான் பார்த்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் போனில் பழைய பாட்டு வரிகள் போட்டிருக்கும் பக்கம் ஒன்றைத் தேடி எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி மச்சானிடம் கொடுத்தார். கேட்க முடியாவிட்டால் படிக்கவாவது செய்யட்டும் என்ற எண்ணம். மச்சான் குழந்தைபோல் வாயசைத்துப் படித்துக்கொண்டே போனார். அவருடைய பாட்டும் வந்தது. அந்த அடியில் நின்றார்.

"தப்பா போட்டிருக்கான்லா" என்றார்.

எட்டிப் பார்த்தேன். நீ வரும் கரையில் விளக்காய் நிற்பேன் என்று இருந்தது.

"கரையில எவன் வெளக்கப் புடிச்சுக்கிட்டு நிப்பான்? நெரைதான். நெரையிலதான் வெளக்கு" என்று புத்தகத்தைத் திறந்து காட்டினார். ரப்பர் காட்டைத் தவிர வேறு உலகம் பார்க்காத பதினேழு வயதுப் பையனின் கையெழுத்து. சினிமாவில் எவனுக்கு நெரை தெரியும் என்று அத்தனை வருடமும் எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

"போட்டுக் கேளு தர்மா. ஒனக்குத்தான் காது இருக்கே. கரையா, நெரையா?"

பாட்டைப் போட்டு என் காதில் வைத்தேன். கரகரப்பு ஏதும் இல்லாமல் கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. கரை. சந்தேகமே இல்லை. மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் சொன்னால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். பேனாவை வாங்கி, நெரை என்ற சொல்லுக்கு நேரே, வந்தார் என்று குறிக்கும் காலிக் கட்டத்தில் ஒரு சரி போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நிமிர்ந்தால், மைலோ கலக்கிக்கொண்டிருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா!" என்று மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். காது போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. சாதாரண வெயில் இல்லை. பத்து மணிக்கே மணலில் கால் வைக்க முடியவில்லை. மச்சான் நேரே போய் மணலில் ஒருக்களித்துப் படுத்து வலது காதைச் சுடுமணலில் வைத்தார். பிறகு புரண்டு இடது காதை. வருவோர் போவோர் எல்லாம் பார்த்தார்கள். கன்னம் சிவந்து தோல் கன்றிப்போனது. அக்கா தோளைப் பிடித்து எழுப்பியும் எழவில்லை.

"இருலா, உள்ளுக்குள்ள எறங்கட்டும்" என்றார்.

ஒரு மணி நேரம் அப்படிக் கிடந்தார். நான் தென்னை நிழலில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

எழுந்து காதைத் தட்டி மணலை உதறிவிட்டு, "போடு" என்றார். அக்கா போனை முழுச் சத்தத்தில் அவர் காதருகே பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த அடி வந்து போனது. மறுபடி போடச் சொன்னார். மறுபடி. நாலாவது தடவைக்குப் பிறகு கண்ணைத் திறந்தார்.

"'ரை'ன்னு கேக்குது. அதுக்கு முன்னாடி எழுத்து வரல."

அவர் புத்தகத்தைப் பிரித்து அந்த அடியில் விரலை வைத்து, அக்காவிடம் நீட்டினார்.

"நீ சொல்லு கெர்ட்ரூட். நீ பொய் சொல்ல மாட்ட. கரையா, நெரையா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் மணலை மெல்ல இரண்டு தடவை தட்டினார்.

கரை.

மச்சான் மணலைப் பார்த்தார். புத்தகத்தில் நான் போட்ட சரியைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டையை எடுத்துப் பிரித்து, அந்தச் சரிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கை.

"இதும் அப்படித்தானாடா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, என் வாயால் கெட்டது அவர். தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவருக்குப் பதிலாகப் போதும்.

அட்டையை மறுபடி மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, கடலைப் பார்த்துப் பேசினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பீடோர் காப்பிக்கடையில கேசட்டு போட்டான், தெளிவாக் கேட்டேன், கரைதான். அங்க எல்லாரும் கரைன்னுதான் பாடுனாங்க. நீங்க ஒரு ஆளுதான் நெரைன்னு சொன்னீங்க. அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன்."

மச்சான் திரும்பினார். "என்ன சொல்ற?"

அக்கா கையை விரித்து ஆட்டினார். "ஒண்ணுமில்லங்க."

மிச்சமிருந்த நாட்களை அங்கே கழிக்க அவருக்கு மனமில்லை. அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டோம். திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். கோல்ட்ரூம் கதவுக்கு வெளியே நின்று தொப்பியைப் போட்டார். வலதுபக்க மடலைத் தூக்கிக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தார். இருபத்திரண்டு வருட முடிச்சு, விரலுக்கு லேசில் வரவில்லை. இரண்டு மடலையும் இறக்கித் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் பழக்க தோஷத்தில் வண்டியிலிருந்து ஒரு பாட்டின் முதல் அடியைக் கத்தினேன். என் வாயிலிருந்து புகைதான் வந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா கடலைப் பார்த்துச் சொன்னதை அவருக்கு எழுதிக் காட்டலாம் என்று பலமுறை மார்க்கர் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். எழுதவில்லை. அது அத்தனையும் உண்மை. ஆனால் என் கையெழுத்தை அவர் இனி நம்ப மாட்டார்.