முதல் வரிசையில் மரகதம்

போன வாரம் அண்ணன் மகள் ஒரு புத்தகக் கடையில் நின்றுகொண்டு போனில் கூப்பிட்டாள். வெப் புரோகிராமிங்கும் டேட்டாபேஸும் படிக்க வேண்டுமாம், எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று தெரியவில்லையாம். "வீடியோ பாத்தா தூக்கம் வருது சித்தப்பா, எனக்குப் பொஸ்தகந்தான் ஒத்து வரும்" என்றாள். குடும்பத்தில் என்னைப் போல இன்னொரு ஆள் தயாராகிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இரண்டு புத்தகங்களைச் சொல்லி, இரண்டிலும் நடுப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்றில் கட்டம் போட்டு ஓர் அட்டவணை இருந்தது. ஊழியர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த நாள். கட்டங்களுக்குள் யார் யாரோ. அவர்களைப் பார்த்ததும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அட்டையை நம்ப மாட்டேன். முன்னுரையையும் நம்ப மாட்டேன், எல்லா முன்னுரையும் கல்யாணத் தரகர் பேச்சு மாதிரிதான் இருக்கும். வெப் புத்தகம் என்றால் முதல் அத்தியாயம் முடிவதற்குள் திரையில் ஏதாவது ஒன்றைக் காட்டிவிட வேண்டும், வணக்கம் என்று ஒரு வார்த்தையாவது. டேட்டாபேஸ் புத்தகம் என்றால் நேராக, பதிந்ததை அழிப்பது பற்றிய அத்தியாயத்துக்குப் போய்விடுவேன். சேர்ப்பதற்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்துவிடலாம். அழிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது எழுதியவருக்குக் கொஞ்சமாவது கை நடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். நடுங்காத புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு முதல் வேலை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில். அச்சில் ஊற்றிய பொம்மைகள் காயும் கொட்டகைக்குப் பின்னால் ஆபீஸ். காய்ந்த களிமண்ணுக்கு ஒரு வாசனை இருக்கிறது, மழை வரப்போகிறது என்று ஏமாற்றும் வாசனை. அந்த வெள்ளைத் தூசி கீபோர்டில், ஃபைலில், காதுமடலில், சோற்றில், எல்லாவற்றிலும் இருக்கும். சாயங்காலம் பஸ் ஏறினால் கண்டக்டர் எங்களை முகம் பார்த்து அடையாளம் கண்டதே இல்லை, கம்பெனி ஆளு என்று மட்டும் தெரியும். முதலாளி சென்னையில் இருந்தார். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பதை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை அவருடையது, பொறுப்பு என்னுடையதும் ஜெயந்தியுடையதும். ஜெயந்தி டைப்ரைட்டிங் முடித்தவள், கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பாள். நான் பார்த்தும் தப்பாக அடிப்பேன். டேட்டாபேஸ் என்றால் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஊர்க் கடைகளில் அப்போது கைடுகள்தான் கிடைக்கும். சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போய், ஒரு பழைய புத்தகக் கடையில் அரைநாள் நின்றோம். தலையணை மாதிரி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் உதாரணமாக வந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டில் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒல்லியாக ஒரு தமிழ்ப் புத்தகம். அதன் அட்டவணையில் முதல் வரிசை இப்படி இருந்தது: பெயர் மரகதம், தகப்பனார் அண்ணாமலை, ஊர் பூந்தோட்டம், பிறந்தது தை முதல் நாள். "இது நம்ம ஆளு மாரி இருக்குது" என்றாள் ஜெயந்தி. அவ்வளவுதான், வாங்கிவிட்டோம். நல்ல புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஆனாலும் அது சொல்லிக்கொடுத்தது. நான் வாசிக்க வாசிக்க ஜெயந்தி அடித்தாள். மரகதத்தின் வரிசை திரையில் வந்தது. அடுத்ததாக எங்கள் ஆட்களின் பெயர்களை ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் மரகதத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது ஜெயந்தி என் கையைத் தட்டிவிட்டாள். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சூளை பற்றவைத்தால் முதலில் வைக்கிற பொம்மை விற்பனைக்குப் போகாது. கண் வரையாமல், வர்ணம் பூசாமல், திருஷ்டிக்கென்று அதைச் சூளை வாயிலேயே வைத்துவிடுவார்கள்.

"மொத எடத்துல உசுரோட இருக்கறவங்க பேரப் போடக் கூடாதுண்ணே" என்றாள். "இது யாரும் இல்லாத பேரு. திருஷ்டிக்கு இருக்கட்டும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கம்ப்யூட்டருக்கும் சூளைக்கும் எங்களுக்கு அப்போது பெரிய வித்தியாசம் தெரியாது.

பெயர்களை எல்லாம் ஏற்றி முடித்ததும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வருகை அட்டை பிரிண்டரில் வந்தது. அட்டைகளை வாட்ச்மேன் கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் சொருகிவைத்தார். வருகிறவர்கள் தங்கள் அட்டையை எடுத்து மெஷினில் விட்டு நேரம் பதித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அட்டைகள் ஆபீசுக்கு வரும், ஜெயந்தி பார்த்து ஏற்றுவாள். மரகதத்துக்கும் ஓர் அட்டை வந்திருக்கிறது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. ஒருநாள் ஜெயந்தி அடிப்பதை நிறுத்திவிட்டு ஓர் அட்டையை என் பக்கம் தள்ளினாள். மரகதத்தின் அட்டை. காலையில் வந்த நேரம் பதிந்திருந்தது, போன நேரமும் பதிந்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை.

யாரோ விளையாடுகிறார்கள் என்று சிரித்தேன். மறுநாளும் பதிந்திருந்தது. அதற்கு மறுநாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டகைக்குப் போனேன். நல்ல வெயில் நேரம், ஆனால் உள்ளே தூசியில் வெளிச்சம் பால் மாதிரிதான் இருக்கும். பலகை பலகையாகக் கண் இல்லாத பொம்மைகள். அவற்றுக்கு நடுவில் பெண்கள் உட்கார்ந்து அச்சின் கோடுகளைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, தலையிலும் முக்காடு. தெரிகிற இடமெல்லாம் வெள்ளை. மரகதம் என்று யாராவது இருக்கிறார்களா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். இருக்கிறார்களே, என்றார் அவர், இப்போதுதான் அந்தப் பக்கம் போனார்கள் என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் போனேன். மரகதம் அக்காவா, இந்தப் பக்கம்தானே வந்தது என்றாள் ஒருத்தி. சுரண்டுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. நான் நடக்க ஆரம்பித்ததும் மறுபடியும் கேட்டது. முதுகில் வியர்வை வழிய ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் படித்த புத்தகத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்து வேலை செய்கிறாள் என்று சொன்னால் முதலாளி என்னை எங்கே அனுப்புவார் என்று எனக்குத் தெரியும்.

அன்று வேலை முடிகிற நேரத்தில் அட்டைப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கூட்டம் வந்தது. ஒரு வெள்ளைக் கை நீண்டு மரகதத்தின் அட்டையை எடுத்தது. நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தே விட்டேன். சூடாக இருந்தது. அந்தச் சூடு பட்டதும் எனக்கு உயிர் திரும்பி வந்தது, அந்த அம்மாவுக்கோ உயிர் போய்விட்டது. முகத்துணியை இறக்கினார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும்.

கூட்டம் போனதும் மரத்தடியில் நின்று சொன்னார். கம்மாபுரத்துப் பக்கம் ஊர். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது, வீடும் போய்விட்டது, சொந்தபந்தம் திசைக்கு ஒன்றாகப் போய்விட்டது. வீட்டுக்காரர் இல்லை. கைக்குழந்தை ஒன்று. வேலை கேட்டு வந்தபோது மேஸ்திரி, அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லியிருக்கிறார். இவர் கேட்டிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எல்லா அட்டையையும் யாராவது எடுத்தார்கள், ஒன்றை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

"தெனமும் அது மட்டும் அங்கயே இருந்துச்சுங்க. ஆளு செத்துட்டாங்க போலன்னு எடுத்துக்கிட்டேன்."

சொந்தப் பேரைக் கேட்டேன்.

"அதச் சொன்னா இந்த வேல இருக்குமாங்க?" என்றார்.

இருக்காது. முதலாளி புது ஆள் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் கம்ப்யூட்டரில் பார்க்கிற பக்கத்தில் இருக்கிற பெயர்களுக்குத்தான் சம்பளம். மரகதம் என்ற வரிசையை எடுத்தால் அந்த அம்மாவின் அடுப்பு அணையும். புத்தகத்தின் கடைசி அத்தியாயம், நிஜமாகப் பயன்படுத்துமுன் உதாரண வரிசைகளை மறக்காமல் அழித்துவிடவும் என்று ஒரே வரியில் சொல்லியது. எழுதியவருக்குக் கை நடுங்கவே இல்லை. ஜெயந்தி அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். அட்டையில் இருக்கிற ஆளின் தகப்பன் பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார், யாராவது விசாரித்தால் சொல்லத் தெரிய வேண்டுமாம். அண்ணாமலை என்றேன். பூந்தோட்டம் என்றேன். உதடு அசைய இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் போன வாரம் டீயைக் கீழே வைத்திருக்க மாட்டேன். சில மாதம் போனது. மத்தியானம் சாப்பிடுகிற நேரம், வேப்பமரத்தடியில் பெண்களோடு ஜெயந்தியும் உட்கார்வாள். ஒருநாள் முகம் வெளிறி வந்தாள். மரகதம் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணாமலை ஆடு வளர்த்தாராம். பூந்தோட்டத்துக் குளத்தில் சின்ன வயசில் வழுக்கி விழுந்தபோது அவர்தான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாராம். இடது கையில் அவருக்கு ஒரு விரல் கிடையாதாம்.

"பொய் சொல்ற முகம் இல்லண்ணே அது" என்றாள் ஜெயந்தி. "அழுதுட்டாங்க."

நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். ஆடும் இல்லை, குளமும் இல்லை, விரலும் இல்லை. நான்கு கட்டங்கள்தான் இருந்தன. தைப்பொங்கலுக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மரகதத்தின் பிறந்தநாளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு கம்பெனி அட்டையைக் காட்டி ரேஷன் கார்டும் அந்தப் பெயரிலேயே வந்தது. நான் சென்னைக்கு வேலை மாறிப் போகிற அன்று, யாரும் இல்லாத நேரம் பார்த்து, உங்கள் பழைய பேரையாவது எனக்கு மட்டும் சொல்லுங்களேன் என்று கேட்டேன். மரகதம் என்னைப் பார்த்த பார்வையில் மறைக்கிறவர்களின் கள்ளம் துளியும் இல்லை. நான் எதைக் கேட்கிறேன் என்றே புரியாதவர் மாதிரி பார்த்தார்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டபோது எல்லா வரிசைகளும் அதோடு போயிருக்கும், மரகதத்துடையது உட்பட. நெஞ்சுச் சளியில் கிடந்த மரகதம் இறந்துபோனதாக இந்த வருஷம்தான் ஜெயந்தி சொன்னாள். துக்கம் விசாரிக்கப் போனோம். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படம் அந்த அம்மாவுடையது. கீழே பிறந்த நாள், தகப்பனார் பெயர், ஊர், எல்லாம் நான் வாசிக்க ஜெயந்தி அடித்தவை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அம்மாவை வேறு பேர் சொல்லி யாராவது கூப்பிட்டதுண்டா என்று கேட்டேன். இல்லைங்களே என்றாள். கம்மாபுரத்துப் பக்கம் உறவு யாரும் உண்டா என்றேன். அந்தப் பக்கம் எங்களுக்கு யாருங்க இருக்கிறாங்க என்றாள். ஊர் இருந்த இடமே சுரங்கப் பள்ளம் என்பதால் நான் போய் விசாரிக்கவும் அங்கே ஆள் கிடையாது. அவருடைய நிஜப் பெயரை வைத்தவர்கள், கூப்பிட்டவர்கள், எல்லோரும் எங்கெங்கோ.

கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள்.

"அம்மா சாகறப்பகூட ஊரு ஊருன்னே சொல்லிட்டு இருந்தாங்க சார். ஒரு பிடி சாம்பல எடுத்து வச்சிருக்கேன். பூந்தோட்டத்துக் கொளத்துல கரைச்சிட்டு வந்துடணும். எந்த பஸ்ஸுல போவணுங்க?"

ஜெயந்தி என் சட்டையைப் பிடித்தாள். உண்மையைச் சொல் என்பதற்கா, சொல்லாதே என்பதற்கா என்று இன்னும் எனக்குத் தெரியாது. மாயவரத்துக்கு அப்பால் பூந்தோட்டம் என்று ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறது. சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து மாறிப் போம்மா என்று சொன்னேன். ஜன்னல் ஓரமாக உட்காரு என்றும் சொன்னேன். அந்த பஸ் கம்மாபுரம் வழியாகத்தான் போகும்.